தொலைவட்டும் மவுண்ட் கட்டளையும்

யூனிக்ஸ் இயங்குதளத்திற்கு பெல் ஆய்வுக்கூடத்தில் 1971 நவம்பரில் தொகுக்கப்பட்ட முதல் கையேட்டிலேயே ‘மவுண்ட்’ என்னும் கட்டளை இடம்பெற்றிருந்தது. அக்காலத்தில் வட்டுகள் இயக்கியிலிருந்து கழற்றி மாற்றக்கூடிய தொகுதிகளாகவும் இருந்தமையால், புதிதாக ஒன்றை மாட்டியவர் அது வந்துவிட்டதை இந்தக் கட்டளையின் வழியே இயங்குதளத்திற்கு அறிவித்தார். கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் வகுத்த முறையில் வட்டுக்கு ஒரு தனியெழுத்து என்னும் வழக்கம் இல்லை. எந்த வட்டாயினும் ஒரே கோப்பு மரத்தில் ஏதேனும் ஒரு கோப்பகத்தின் கீழ் இணைந்துகொண்டது. இணைக்கப்படும் வட்டு அதே கணினியில்தான் இருக்க வேண்டும் என்று பயனர் கருதுவதற்கு இம்முறையில் எந்தக் காரணமும் இல்லை என்பதே இதன் மிகப் பெரிய சிறப்பாகும்; ஆனால் அச்சிறப்பு முழுமையாக வெளிப்பட பதினான்கு ஆண்டுகள் ஆயின.

இடையில் 1982இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார், மூலக் கோப்பகத்திற்கும் மேலே ஒரு படி இருப்பதாகக் கொண்டு, அங்கே பிற கணினிகளின் பெயர்களை வைத்துப் பல யூனிக்ஸ் கணினிகளை ஒன்றாக்கிக் காட்டினர். எனினும் பரவலாக நிலைத்தது, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்ட வலையமைப்புக் கோப்பு முறையான என்எஃப்எஸ்தான். சொந்த வட்டே இல்லாத பணிநிலையங்களையும் விற்ற அந்நிறுவனத்திற்கு, தொலைவிலுள்ள வட்டை அருகிலுள்ளதுபோல் ஆக்கித் தருவது வணிகத் தேவையாகவே இருந்தது. ரஸ்ஸல் சாண்ட்பெர்க், ஸ்டீவ் க்ளைமன் முதலியோர் இயங்குதளத்தின் கருவுக்குள் ‘விஎஃப்எஸ்’ என்னும் இடையடுக்கு ஒன்றைப் புகுத்தினர்; கோப்பு உள்ளூர் வட்டில் இருக்கிறதா, வலையின் மறுமுனையில் இருக்கிறதா என்பதை அந்த அடுக்கு பார்த்துக்கொண்டமையால், அதற்கு மேலே இயங்கிய நிரல்கள் எதையும் திருத்தி எழுத வேண்டியிருக்கவில்லை. கட்டளையும் ஏறத்தாழ அதுவே: வட்டின் பெயர் இருந்த இடத்தில் வழங்கியின் பெயரும், ஒரு முக்காற்புள்ளியும், அங்குள்ள கோப்பகத்தின் பாதையும் வந்தன.

தொடக்கப் பதிப்புகளில் அக்கட்டளை இடப்பட்டதும் நிகழ்வது நுணுகி நோக்கத்தக்கது. வழங்கியில் காத்திருக்கும் ‘மவுண்ட்டி’ என்னும் நிரல், எந்தக் கோப்பகத்தை யாருக்குத் திறந்துவிடலாம் என்னும் ஏற்றுமதிப் பட்டியலைச் சரிபார்த்து, ‘ஃபைல் ஹேண்டில்’ எனப்படும் அடையாளக்குறி ஒன்றைத் திருப்பித் தரும். பரவலான இரண்டாம் பதிப்பில் அதன் நீளம் 32 பைட். அதன்பின் எழும் ஒவ்வொரு கோரிக்கையும், எந்தக் கோப்பு, எந்த இடத்திலிருந்து, எத்தனை பைட் என்பவற்றைத் தன்னுள்ளேயே கொண்டு செல்லும். யார் எதைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்னும் நினைவை வழங்கி தன்னிடம் வைத்துக்கொள்வதே இல்லை. ஆகவே வழங்கி பழுதுபட்டு மீண்டும் எழுந்தால், பயனரின் கணினி அதே கோரிக்கையைத் திரும்ப அனுப்பினால் போதும். விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். வன்பொருள் அடிக்கடி நின்றுபோன காலத்தில் இதைவிடச் சிறந்த முடிவை எடுத்திருக்க முடியாது. இதற்கு ஒரு விலையும் உண்டு. ‘ஹார்டு’ முறையில் மவுண்ட் செய்யப்பட்டிருந்தால், வழங்கி மீளும்வரை நிரல் அசையாமல் காத்திருக்கும். திரையில் ‘சர்வர் நாட் ரெஸ்பாண்டிங்’ என்னும் வரி மட்டும் தோன்றும். ‘சாஃப்ட்’ முறையில் காத்திருப்பு குறையும், ஆனால் எழுதிய தரவு பாதியில் சிதையக்கூடும். தரவைப் பேணுவதே முதற்கடமை என்று கொண்ட நிர்வாகிகள் பொறுமையையே தேர்ந்தது சரியான தேர்வாகும்.

மறுமுனையில் இருப்பவர் சொல்வதை வழங்கி அப்படியே நம்பியதுதான் இம்முறையின் உண்மையான குறைபாடு. கோரிக்கையுடன் வந்த பயனர் எண்ணை அது ஐயமின்றி ஏற்றது. தன் கணினியில் நிர்வாகி உரிமை பெற்ற எவரும் வேறொருவரின் எண்ணைச் சூடிக்கொள்ள முடிந்தது. நிர்வாகியின் எண்ணை மட்டும் ‘நோபடி’ என்னும் உரிமையற்ற கணக்காக மாற்றிவிடும் காப்பு இருந்தது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. அடையாளக்குறியை ஊகித்தறிந்தவருக்கோ மவுண்ட்டியின் சோதனையே தேவைப்படவில்லை. 2000இல் வரையறுக்கப்பட்ட நான்காம் பதிப்பே, கெர்பரோஸ் போன்ற வலுவான அடையாளச் சரிபார்ப்புக்கான ஆதரவைக் கட்டாயமாக்கியது. மவுண்ட்டிக்கெனத் தனி நெறிமுறை வேண்டியிருந்த நிலையையும் அதுவே நீக்கியது.

டாஸ் கணினிகள் வேறு வழியில் வளர்ந்தன. ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் 1980களின் தொடக்கத்தில் வகுத்த எஸ்எம்பி நெறிமுறையில், ‘நெட் யூஸ்’ கட்டளை தொலைவுக் கோப்பகத்திற்கு ஓர் இயக்கி எழுத்தைத் தந்தது. இவ்விரு உலகங்களுக்கும் பாலமிட்டவர், கான்பெராவில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல். டெக் நிறுவனத்தின் பாத்வொர்க்ஸ் மென்பொருள் வலையில் பரிமாறிய பொதிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து அவர் எழுதிய வழங்கி நிரலே பின்னாளில் சாம்பா ஆயிற்று. நெறிமுறையின் விளக்கம் கையில் இல்லாமல், போக்குவரத்தை மட்டுமே கவனித்து எட்டிய அச்சாதனை, கட்டற்ற மென்பொருள் வரலாற்றில் உரிய இடம் பெறத்தக்கது. லினக்ஸில் முதலில் எஸ்எம்பிஎஃப்எஸ் என்னும் கூறும், பின்னர் அதற்கு மாற்றாக வந்த சிஐஎஃப்எஸ் கூறும் விண்டோஸ் பகிர்வுகளை அதே மவுண்ட் கட்டளையின் கீழ்க் கொணர்ந்தன.

2017 மே மாதம் வான்னாக்ரை என்னும் தீநிரல், விண்டோஸில் எஸ்எம்பியின் முதற்பதிப்பைச் செயல்படுத்திய நிரலிலிருந்த ஓட்டையின் வழியாக உலகெங்கும் பரவியது. அதே ஆண்டு வெளிவந்த லினக்ஸ் 4.13 கரு, சிஐஎஃப்எஸ் மவுண்டுக்கு முதற்பதிப்பை இயல்பாகத் தேர்ந்தெடுப்பதைக் கைவிட்டது. அதனால் பழைய சேமிப்புக் கருவிகளை இணைக்க விரும்புவோர், ‘வெர்ஸ்’ என்னும் விருப்பத்திற்கு 1.0 என்ற மதிப்பைக் கட்டளையில் தாமே எழுதித் தர வேண்டியதாயிற்று.