முறுக்கினால்தான் வெளிச்சம்

பழைய வெஸ்பாவைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதன் அழகைப் பற்றிச் சொல்லமாட்டார்கள். "முறுக்கினாத்தான்டா வெளிச்சம் வரும்" என்பார்கள். பாரிட் புந்தாரைச் சுற்றியுள்ள சாலைகள் பலவும் பாசன வாய்க்காலை ஒட்டி ஓடுபவை. 1906இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கம் முடிந்த பிறகு கிரியான் வட்டாரமே வாய்க்கால்களின் ஊராகிவிட்டது. இருட்டில் வளைவு வந்தால் வேகத்தைக் குறைக்கவேண்டும். குறைத்தால் விளக்கு மங்கும். பார்த்துப் போகவேண்டிய இடத்தில்தான் கண் தெரியாது. தோட்டத்துக் கிராணியாக இருந்த என் தாத்தா இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். வளைவில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு எஞ்சினை மட்டும் உறுமவிடுவார். லயத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம்தான் அவர் வருகிற அறிவிப்பு.

காரணம், அந்த வண்டியில் பேட்டரி கிடையாது. 1946இல் இத்தாலியின் பொந்தெதேராவில் பியாஜியோ நிறுவனத்துக்காக வெஸ்பாவை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர், ஹெலிகாப்டர் செய்து பார்த்தவர். போர் முடிந்த நாடு. ஆலையும் குண்டு வாங்கியிருந்தது. அமிலம் ஊற்றிப் பராமரிக்கவேண்டிய, விலை கூடிய ஒரு பெட்டியை மலிவான வண்டியில் ஏன் ஏற்றவேண்டும்? எஞ்சினோடு சுற்றும் சக்கரத்தின் உட்புறம் காந்தங்கள், அதற்குள் அசையாத கம்பிச் சுருள்கள். ஒரு சுருள் தீப்பொறிக்கு, மற்றவை விளக்குக்கு. 1831இல் ஃபாரடே கண்டுபிடித்ததை அப்படியே சக்கரத்துக்குள் மடித்துவைத்த மாதிரி. பின்னாளில் பேட்டரியோடு வந்த மாதிரிகளும் உண்டு, ஆனால் எங்கள் பெரியவர்கள் பேசுவது இதைப் பற்றித்தான்.

இதில் நான் வியப்பது, வோல்டேஜைக் கட்டுப்படுத்த அந்தக் காலத்து 6 வோல்ட் வண்டிகளில் தனிக்கருவி எதுவுமே இல்லை என்பதை. ஆறு முனைக் காந்தச் சக்கரம் நிமிடத்துக்கு 4,000 முறை சுற்றினால் நொடிக்கு 200 அலைகள். வீட்டு மின்சாரத்தில் 50தான். வேகம் கூடக்கூட மின்னழுத்தம் ஏறும். ஆனால் அலைகள் பெருகுவதால் சுருளே மின்னோட்டத்தைத் தடுக்கும் வலுவும் அதே அளவில் ஏறும். ஒரு வேகத்துக்கு மேல் மின்னோட்டம் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும். 25 வாட் முன்விளக்கும் பின்விளக்கும் சேர்ந்து அதைப் பங்குபோட்டுக்கொள்ளும். அதனால்தான் ஒரு பல்பு போனால் மற்றதும் கொஞ்ச நேரத்தில் போய்விடும்: அதன் பங்கும் இதன் தலையில் விழுகிறது. தாத்தாவின் முன்பெட்டியில் சிகரெட் டப்பாவுக்குள் பஞ்சு சுற்றிய பல்புகள் எப்போதும் இருந்தன. ஹார்னும் அதே மாறுமின்னோட்டத்தில்தான் அடிக்கும். அதைக் 'கூப்பிடுகிறது' என்று யாரும் சொன்னதில்லை, 'முனகுகிறது' என்பார்கள்.

தோட்ட மக்களுக்கு இது புதிதல்ல என்றே நினைக்கிறேன். பல தோட்டங்களில் லயத்துக்கு மின்சாரம் தோட்டத்து ஜெனரேட்டரில் இருந்து, மாலையில் சில மணி நேரம் மட்டும் வந்தது. இயந்திரம் நின்றால் வெளிச்சமும் நிற்கும். வெஸ்பா அதே கணக்குதான், இரண்டு சக்கரத்தில்.

1992இல் மலேசியாவில் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கு போடவேண்டும் என்று சட்டம் வந்தது. சிரம்பானிலும் ஷா ஆலாமிலும் நடந்த ஆய்வு, கண்ணில் படாததால் நேரும் விபத்துகள் சுமார் 29 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. நல்ல சட்டம். ஆனால் சந்திப்பில் நிற்கும்போது மஞ்சளாய்த் துடிக்கிற விளக்கு யார் கண்ணில் படும்?

இப்போது தாத்தாவின் வண்டி என்னிடம். நிபோங் திபால் வளாகத்தில் படித்தபோது அதற்கு 12 வோல்ட் சுருள் தட்டும் ரெகுலேட்டரும் போட்டேன். பழைய வண்டிப் பிரியர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். அசல் போய்விட்டதாம். பேட்டரி வைத்திருந்தால் நானும் ஒத்துக்கொண்டிருப்பேன். இன்னும் ஓடினால்தான் வெளிச்சம்; பாதை தெரிகிற அளவுக்கு, அவ்வளவுதான்.

கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் எடுக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நான்கு டயோடு பாலம், பெரிய மின்தேக்கி, 5 வோல்ட்டுக்கு இறக்கும் சிறு பலகை, இவை போதும். ஆனால் விளக்குச் சுருளின் ஒரு முனை வண்டியின் உடம்போடு இணைந்திருக்கிறது. பாலத்தின் எதிர்முனையையும் வழக்கம்போல் உடம்பில் கட்டினால் பாதி அலை குறுக்குச் சுற்றாகி டயோடு வெந்துவிடும். எதிர்முனைக்குத் தனிக் கம்பி இழுக்கவேண்டும், அல்லது சுருளின் முனையை உடம்பிலிருந்து பிரித்தெடுக்கவேண்டும். எல்இடி முன்விளக்கு மாட்டுகிறவர்களும் ரெகுலேட்டரை முதலில் போடட்டும். சுமை குறைந்தால் மின்னழுத்தம் எங்கே போய் நிற்கும் என்பது தாத்தாவின் சிகரெட் டப்பாவுக்குத் தெரியும்.