தேனீ வேஷம் போட்ட ஈ: தரங்கம்பாடி முதல் தாம்பரம் வரை

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் மொட்டை மாடியில செடி வளர்க்கறவங்க இதைப் பார்த்திருப்பீங்க. துளசி பூத்திருக்கும். கறுப்பும் மஞ்சளுமா ஒரு பூச்சி பூவுக்கு முன்னாடி அந்தரத்துல அப்படியே நிக்கும். "ஐயோ, தேனீ!"ன்னு கையை வீசுவோம். பல நேரம் அது தேனீ இல்லை, ஹோவர்ஃப்ளை. வேளாண்மைத் துறைக்காரங்க சிர்ஃபிட் ஈன்னு சொல்வாங்க. அதுக்குக் கொடுக்கே கிடையாது.

இந்தக் குழப்பத்துக்கு வயசு ரெண்டாயிரத்துக்கு மேல. செத்த மாட்டோட உடம்புல இருந்து தேனீ பிறக்கும்னு பழைய கிரேக்கர்களும் ரோமானியர்களும் நம்பினாங்க. ரோமானியக் கவிஞர் வர்ஜில் அதுக்குச் செய்முறையே எழுதி வெச்சார். 1890-களில்தான் ரஷ்யத் தூதரக அதிகாரியா இருந்த ஆஸ்டன்-சாக்கன் விளக்கம் சொன்னார்: அவங்க பார்த்தது தேனீ இல்லை, அழுகல்ல வளர்ற எரிஸ்டாலிஸ்ங்கற ஹோவர்ஃப்ளை.

இப்போ நம்ம கடற்கரைக்கு வருவோம். ஈசிஆர்ல தெற்கே போனா தரங்கம்பாடி. 1620-ல இருந்து 1845 வரைக்கும் டென்மார்க்காரங்க கையில இருந்த ஊர். அங்கே பிடிச்ச பூச்சிகள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போச்சு. லின்னேயஸோட மாணவர் ஃபாப்ரிசியஸ், இந்தியாவுக்கு வராமலே, அதுங்களுக்குப் பேர் வெச்சார். 1805-ல அவர் பேர் வெச்ச ஒரு தரங்கம்பாடி ஈ, ஸ்கேவா ஸ்கூட்டெல்லாரிஸ். இன்னைக்கு அதோட பேர் இஸ்கியோடான் ஸ்கூட்டெல்லாரிஸ். தமிழ்நாட்டுச் சமவெளியில சாதாரணமா பறக்கற ஹோவர்ஃப்ளை இதுதான்.

அடுத்தவர் என்ரிகோ புருனெட்டி. தொழில்ல இசைக்கலைஞர். கல்கத்தாவுல பல வருஷம் இருந்தவர். பிரிட்டிஷ் இந்தியாவோட உயிரினங்கள் பத்தின நூல் வரிசையில, ஹோவர்ஃப்ளை வர்ற தொகுதியை 1923-ல எழுதினது இவர்தான். அதாவது, இந்த ஈக்களை நமக்கு வகைப்படுத்திக் கொடுத்தவர் ஒரு இசைக்காரர்.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கறது? தேனீக்கு நாலு இறக்கை, ஈக்கு ரெண்டு. ஆனா தேனீயோட முன் இறக்கையும் பின் இறக்கையும் ஒண்ணோட ஒண்ணு கொக்கி போட்டிருக்கும், எண்ண முடியாது. அதனால தலையைப் பாருங்க. ஹோவர்ஃப்ளைக்குத் தலை முழுக்கக் கண். மீசை மாதிரி இருக்கற உணர்கொம்பு குட்டையா இருக்கும். தேனீயோட உணர்கொம்பு நீளம், நடுவுல முழங்கை மாதிரி மடங்கும். குளவின்னு சந்தேகம் வந்தா இடுப்பைப் பாருங்க. ஹோவர்ஃப்ளைக்கு அந்த ஒட்டின இடுப்பு இருக்காது. கண்ணுல புள்ளியோ கோடோ இருந்தா, அது பெரும்பாலும் எரிஸ்டாலினஸ். அதோட புழு நம்ம சாக்கடைத் தண்ணியில, வால் மாதிரி ஒரு குழாயை மேலே நீட்டி மூச்சு விடும்.

வயிற்றுல மஞ்சள் பட்டை, முதுகோட ரெண்டு ஓரத்திலும் மஞ்சள் கோடு, முதுகு முடியற இடத்துல கேடயம் மாதிரி ஒரு மஞ்சள் தகடு இருந்தா இஸ்கியோடானா இருக்கலாம். ஆனா ஒரே ஒரு ஃபோட்டோவை வெச்சு இனம் வரைக்கும் அடிச்சுச் சொல்லாதீங்க. பேரினத்தோட நிறுத்தறதும் சரியான பதில்தான்.

இதெல்லாம் எதுக்கு? இஸ்கியோடானோட புழு அசுவினியைத் தின்னு வளருது. கால் இல்லாம, இலையில ஒட்டின சின்ன அட்டை மாதிரி இருக்கும். அவரைக்கொடியில அதைப் பார்த்ததும் பூச்சி விழுந்துடுச்சுன்னு நாம மருந்து அடிக்கறோம். அசுவினியோட சேர்ந்து காவல்காரனும் காலி. அப்புறம் எங்கிருந்தோ பறந்து வர்ற அசுவினிக்குத் தடையே இல்லை.

ஃபாப்ரிசியஸ் கையில இருந்தது ஊசியில குத்தின செத்த பூச்சி. மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல குடிவந்த அந்தத் தாம்பரம் வளாகத்துப் புதர்க்காட்டுல எந்த மாசம் எது பறக்குது, நம்ம தெருச் சாக்கடையில எது முட்டை இடுதுன்னு அவரால பார்க்க முடியாது. இங்கே குடியிருக்கற நம்மால முடியும். அடுத்த தடவை மருந்து பாட்டிலை எடுக்கறதுக்கு முன்னாடி, இலையைத் திருப்பி ஒரு ஃபோட்டோ எடுங்க. தேதியும் இடமும் சேர்த்துக் குறிச்சு வைங்க.