குழந்தை – அறிவியலாளர் ஒப்புமை

குழந்தை உலகைப் புரிந்துகொள்வதும் அறிவியலாளர் அதை ஆராய்வதும் அடிப்படையில் ஒரே வகைச் செயல் என்னும் மெய்யியல் கருத்து. சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே (1896–1980) குழந்தையின் அறிவு வளர்ச்சியையும் அறிவியல் வரலாற்றையும் சேர்த்தே ஆராய்ந்தார். அவருடைய சோதனைகள் தமக்கு உதவியதை அறிவியல் வரலாற்றாசிரியர் தாமஸ் கூன் 'அறிவியல் புரட்சிகளின் கட்டமைப்பு' (1962) முன்னுரையில் குறிப்பிடுகிறார். பின்னர் உளவியலாளர்கள் சூசன் கேரியும் (1985), அலிசன் கோப்னிக்கும் ஆண்ட்ரூ மெல்ட்சாஃபும் (1997) கூனின் கருத்துகளைக் குழந்தைக்கே பொருத்தினர்: குழந்தையிடம் கோட்பாடு உண்டு, எதிர்ச்சான்று வந்தால் முதலில் ஒட்டுப்போட்டுச் சமாளிக்கும், தாங்காதபோதே கைவிடும்.

வலுவான சான்று பூமியின் வடிவம் பற்றியது. வோஸ்னியாடோ, புருவர் ஆய்வில் (1992) அமெரிக்கக் குழந்தைகள் சிலர் பூமியை உள்ளீடற்ற உருண்டையாகக் கருதினர்; மனிதர்கள் அதற்குள்ளே தட்டையான தரையில் நிற்கிறார்கள். ஆசிரியர் சொன்ன உருண்டையையும் கண்ணால் கண்ட தட்டையையும் விட்டுக்கொடுக்காத ஏற்பாடு இது. சிவப்பு மையில் சுழித்துவிடக்கூடிய பிழையன்று. ஹைதராபாதில் நடந்த ஆய்வில் (1996) பூமியை நீர் தாங்குவதாகச் சொன்ன குழந்தைகளும் இருந்தனர். நீர் என்னும் எண்ணம் வந்தது கண்ணால் கண்டதிலிருந்து அன்று, கேட்டதிலிருந்து. குழந்தை பெரும்பாலும் பிறர் சொல்லை நம்பியே கற்கிறது என்பார் உளவியலாளர் பால் ஹாரிஸ். அறிவியல் நிறுவனங்களும் கருவிகளும் சார்ந்த பெரியவர் தொழில் என்பது மெய்யியலாளர் ரொனால்ட் கீரேயின் மறுப்பு (1996). இவை ஒப்புமைக்கு எல்லை வகுக்கின்றனவே தவிர, அதை வீழ்த்தவில்லை.

தமிழ்நாட்டில் இக்கருத்து மெய்யியலாக அல்லாமல் இதழ், மாநாடு, வகுப்பறை வழியாகவே வந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் (1980) 'துளிர்' சிறுவர் அறிவியல் இதழை 1987 முதல் வெளியிடுகிறது. 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டை இங்கே நடத்துவதும் அதுவே. அதில் 10–17 வயதினர் உள்ளூர்ச் சிக்கலொன்றைக் குழுவாக ஆராய்கின்றனர். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007–08இல் மாநிலமெங்கும் விரிந்து, அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த, 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள கல்வராயன் மலையின் கிழக்குப் பகுதிக்கும் வந்தது. அந்த முறையில் ஏணிப்படி வரிசையில் அட்டைகள், சுவரடியில் குழந்தைக்கு எட்டும் கரும்பலகை, பல வகுப்பினர் கலந்த குழு. ஓரிரு ஆசிரியர்களே உள்ள மலைப்பள்ளிக்கு ஏற்ற முறைதான். ஆனால் அடுத்த அட்டை எது என்பது முன்பே முடிவானது. கேள்வியைக் குழந்தை தேர்ந்தெடுக்கவில்லை. கூன் 'இயல்பு அறிவியல்' என்றதும் வகுத்த புதிரை விடுவிப்பதே என்பதால், ஒப்புமை இங்கும் பொருந்தும்.

செயல்வழிக் கற்றலுக்குப் பின், தொடக்க வகுப்புகளில் 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' என்னும் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டம் நடைமுறையில் உள்ளது.