நிலைப்பொருள் ஓவியம்

பழம், குடம், பூ, பாத்திரம் போன்ற அசையாப் பொருள்களையே கருவாகக் கொண்ட ஓவிய வகை. ஓவியர் பேச்சில் ஸ்டில் லைஃப். 17ஆம் நூற்றாண்டு நெதர்லாந்தில் தனித்துறையாக வளர்ந்தது. மண்டையோடும் அணைந்த மெழுகுவர்த்தியும் அங்கே நிலையாமையின் குறிகள். இத்தாலியின் ஜோர்ஜோ மொராண்டி (1890–1964) சில புட்டிகளையும் குடுவைகளையுமே இடம் மாற்றி வைத்துப் பல்லாண்டுகள் வரைந்தார். இந்தியாவின் சுபோத் குப்தா 2006இல் எவர்சில்வர் பாத்திரங்களால் பிரம்மாண்டமான மண்டையோடு ஒன்றை உருவாக்கினார். அந்தப் பழைய குறி நம் அடுக்களைச் சாமான்களில் மறுபிறவி எடுத்த அருமையான படைப்பு அது.

இவ்வகை இன்றும் ஓவியரை ஈர்ப்பதற்குக் காரணம் எளிது. பொருள் அசையாது, அவசரப்படுத்தாது. ஒளியையும் வடிவத்தையும் மட்டும் நெடுநேரம் கவனிக்கலாம். பயில்வோர் முதலில் தடுமாறுவது குடத்தின் வாயில்தான்: கண்மட்டத்துக்குக் கீழே இறங்க இறங்க அந்த நீள்வட்டம் விரியும்.

திண்டுக்கல் வட்டாரத்தில் இதற்கேற்ற பொருள்களுக்குப் பஞ்சமில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டையும் சிறுமலை வாழைப்பழச் சீப்பையும் அருகருகே வைத்தால் போதும். உலோகத்தில் ஒளி கூர்மையாகத் தெறிக்கும். பழத்தோலில் மெல்லப் பரவி மங்கும்.