உள்ளகச் சேமிப்பு: தரவுத்தள சர்வர் எட்டாத வேளையில்

மையத் தரவுத்தள சர்வரை அணுக முடியாத வேளையில், ஒரு செயலி தன் தரவுப் பொருள்களைத் தான் ஓடும் கருவியிலேயே எழுதி வைத்து, தொடர்பு திரும்பியதும் சர்வரில் சேர்ப்பது உள்ளகச் சேமிப்பு எனப்படும். நோயாளிப் பதிவு, விற்பனை ரசீது, கணக்கெடுப்புப் படிவம் போன்றவை செயலி ஓடும்போது தரவுப் பொருள்களாக நினைவகத்தில் இருக்கின்றன. மின்சாரம் நின்றாலோ செயலி மூடப்பட்டாலோ அவை அழிந்துவிடும். சர்வர் பழுது, பராமரிப்பு நிறுத்தம், இணையத் துண்டிப்பு என எது நேர்ந்தாலும் பயனரின் உழைப்பு வீணாகாமல் காப்பதே இம்முறையின் நோக்கம். இதில் எழுதி வைப்பது எளிது. பிழையின்றித் திரும்பச் சேர்ப்பதுதான் கடினம்.

வரலாறு

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1987இல் தொடங்கிய கோடா கோப்பு முறைமை இத்துறையின் முன்னோடி. அதை வழிநடத்திய மகாதேவ் சத்தியநாராயணன் சென்னை ஐஐடியில் பயின்றவர். அவரும் ஜேம்ஸ் கிஸ்ட்லரும் 1991இல் விளக்கிய தொடர்பற்ற இயக்கத்துக்கு மூன்று நிலைகள் உண்டு. தொடர்பு இருக்கும்போதே தேவையான கோப்புகளைக் கருவியில் சேர்த்து வைப்பது முதல் நிலை. தொடர்பு அறுந்தபின் சர்வரின் வேலையைக் கருவியே ஏற்று, மாற்றங்களைக் குறித்துக்கொள்வது இரண்டாவது. தொடர்பு மீண்டதும் அந்தக் குறிப்புகளை வரிசை மாறாமல் சர்வரில் நிறைவேற்றுவது மூன்றாவது. இன்றைய செயலிகள் பலவற்றிலும் இந்த மூன்று நிலைகளைக் காணலாம்.

1989இல் வெளிவந்த லோட்டஸ் நோட்ஸ், தரவுத்தளத்தின் பிரதியைக் கருவியில் வைத்துப் பின்னர் ஒத்திசைக்கும் முறையை அலுவலகங்களுக்குக் கொண்டுசென்றது. அதில் பணியாற்றிய டேமியன் காட்ஸ் 2005இல் கவுச்டிபி என்ற தரவுத்தளத்தைத் தொடங்கினார்.

இன்று மிகப் பரவலாக உள்ள உள்ளகத் தரவுத்தளமான எஸ்கியூலைட், சர்வர் எட்டாத சிக்கலிலிருந்தே பிறந்தது. ரிச்சர்ட் ஹிப் அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் பணியாற்றியபோது, அது இன்ஃபார்மிக்ஸ் தரவுத்தள சர்வரை நம்பியிருந்தது. சர்வர் ஓடாத வேளையில் மென்பொருளும் முடங்கியது. சர்வரே இல்லாமல் வட்டிலுள்ள கோப்பை நேரடியாகப் படித்து எழுதும் தரவுத்தளத்தை அவர் 2000 ஆகஸ்டில் வெளியிட்டார். ஆண்ட்ராய்டு, ஐபோன் கருவிகள் அனைத்திலும் அது இடம்பெற்றுள்ளது. உலாவிகளுக்கான உள்ளகத் தரவுத்தளமான இண்டெக்ஸ்டுடிபி, இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையாக 2015இல் வெளியானது.

செயல்படும் முறை

முதற்படி தொடராக்கம். நினைவகத்தில் ஒன்றையொன்று சுட்டி நிற்கும் பொருள்களை, கோப்பில் எழுதத்தக்க பைட் வரிசையாகவோ ஜேசன் உரையாகவோ மாற்றுவது இது. ஒவ்வொரு பொருளோடும் அதன் அமைப்புப் பதிப்பெண்ணையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால், செயலி புதுப்பிக்கப்பட்டபின் பழைய பதிவுகளைப் படிக்க முடியாமல் போகலாம்.

அடுத்தது நிலையாக எழுதுதல். எழுதும்படி இயங்குதளத்திடம் சொன்ன உடனே தரவு வட்டை அடைந்துவிடுவதில்லை. எனவே தற்காலிகக் கோப்பில் எழுதி, அது வட்டில் பதிந்ததை உறுதிசெய்து, பிறகே உரிய பெயருக்கு மாற்றுவது வழக்கம். இடையில் மின்சாரம் போனாலும் பழைய கோப்போ புதிய கோப்போ முழுதாக இருக்கும். எஸ்கியூலைட் இந்தப் பாதுகாப்பைத் தன் பரிவர்த்தனை ஏட்டின் வழியாகத் தருகிறது.

மூன்றாவது, சர்வருக்குச் செல்ல வேண்டிய மாற்றங்களை வைத்திருக்கும் அனுப்பு வரிசை. தரவு மாற்றமும் அதை அனுப்ப வேண்டும் என்ற குறிப்பும் ஒரே பரிவர்த்தனையில் பதிவாக வேண்டும்; ஒன்று பதிந்து மற்றது தவறினால் இரு பக்கமும் வேறுபடும். சர்வர் மீண்டதும் எல்லாக் கருவிகளும் ஒருசேர மோதினால் அது மறுபடி சாயக்கூடும். ஆகவே கருவிகள் தோல்விக்குத் தோல்வி இடைவெளியைக் கூட்டி, அதில் சிறிது தற்செயல் வேறுபாடும் கலந்து மீண்டும் முயல்கின்றன.

சர்வர் தரவைப் பதிந்தபின் அதன் பதில் வழியில் தொலைந்தால், கருவி அதே தரவை மீண்டும் அனுப்பும். ஒரு விற்பனை இரண்டாகப் பதிவாகும். இதைத் தடுக்க, ஒவ்வொரு பதிவுக்கும் கருவியே 128 பிட் நீளமுள்ள யுயுஐடி அடையாள எண்ணைச் சூட்டுகிறது. அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாகப் பதியாமல் பழைய பதிலையே தருகிறது.

முரண்பாடுகள்

இரு கருவிகள் ஒரே பதிவைத் தனித்தனியே மாற்றியிருந்தால் முரண்பாடு எழுகிறது. கடைசியாக எழுதியதே நிற்கும் என்ற விதி எளியது. ஆனால் கருவியின் கடிகாரம் தவறாக இருந்தால் சரியான தரவு சத்தமின்றி அழியும். கவுச்டிபி இரு பதிப்புகளையும் வைத்துக்கொண்டு ஒன்றை முன்னிறுத்துகிறது. தீர்க்கும் பொறுப்பைச் செயலியிடம் விடுகிறது. எந்த வரிசையில் சேர்த்தாலும் ஒரே முடிவைத் தரும் சிஆர்டிடி தரவு வகைகளை மார்க் ஷபீரோவும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வரையறுத்தனர். எனினும் மீதமிருக்கும் ஒரே இருக்கையை இருவருக்கு விற்றுவிட்டால் எந்த வழிமுறையாலும் அதைச் சீராக்க முடியாது. அத்தகைய முடிவுகளைச் சர்வருக்கே விட வேண்டும்.

வரம்புகளும் பாதுகாப்பும்

கருவி திருடுபோகலாம், ஆதலால் உள்ளகத் தரவை மறையாக்கம் செய்தே வைக்க வேண்டும். பைத்தான் நிரல்மொழியின் பிக்கிள் போன்ற தொடராக்க வடிவங்கள், நம்பத்தகாத கோப்பைத் திறந்தால் தீய நிரலை இயக்கிவிடக்கூடியவை. உலாவிச் சேமிப்பும் நிலையானதன்று: பயனர் தொட்டு இயக்காத தளத்தின் உள்ளகத் தரவை சஃபாரி உலாவி 2020 முதல் 7 நாள் உலாவிப் பயன்பாட்டுக்குப் பின் நீக்கிவிடுகிறது.

எனவே உள்ளகச் சேமிப்பைக் காப்புப் பிரதியாகக் கருதக் கூடாது. அது தரவு சர்வரை அடையும் வரையிலான இடைக்கால ஏற்பாடு. கருவியில் பதிந்தது எது, சர்வரை அடைந்தது எது என்பதைப் பயனருக்குத் தெளிவாகப் பிரித்துக் காட்டுவது செயலியை உருவாக்குவோரின் கடமை. நோயாளியின் பதிவோ ஏழையின் கணக்கோ அடங்கிய செயலியில் அதைத் தவிர்க்க நியாயமே இல்லை.