அடி விழுந்த பிறகு

இயக்குநரை அளக்க சண்டையை விட்டுவிடுங்கள். அடி விழுந்ததும் கேமரா யார் பக்கம் திரும்புகிறது?

‘பாட்ஷா’வில் (1995) சுரேஷ் கிருஷ்ணா மாணிக்கத்தின் வீட்டார் முகத்தைக் காட்டுகிறார். அவர்களின் திகைப்பு நமக்குத் தொற்றி, விசிலாகிறது. ‘கைதி’யில் (2019) லோகேஷ் கனகராஜ் திரும்பவும் லாரிக்கே வருகிறார், ஒரே இரவு, வண்டி வெளிச்சம், மகளைப் பார்க்கணும், அவ்வளவுதான். ‘நாயகன்’ (1987) வேற ரகம். பி.சி. ஸ்ரீராமின் நிழலும் ஒளியும் வழியே, மணிரத்னம் நம்மைக் கொலையான இன்ஸ்பெக்டர் கேல்கரின் வீட்டுக்கே கூட்டிப்போகிறார். அங்கே மனவளர்ச்சி குன்றிய ஒரு மகன். கடைசியில் வேலு நாயக்கரைச் சுடுவது அவன்தான்.

டிவியில் பாட்ஷா வந்தால் இன்னைக்கும் விசிலடிப்பேன். ஆனால் அடி வாங்கியவனுக்கும் ஒரு வீடு உண்டு என்பதை எனக்குக் காட்டியது நாயகன்தான்.