கலமசூவின் இரட்டைச் சுருள்

எலெக்ட்ரிக் கிட்டாரின் தொனியை மேம்படுத்த விரும்பும் கலைஞர்கள் இன்று முதலில் கைவைக்கும் உறுப்பு அதன் பிக்கப் ஆகும். இந்த ஓர் உறுப்பைச் செய்து விற்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் பல நாடுகளில் உள்ளன. இத்தொழிலுக்கு மூலமாக அமைந்த ஹம்பக்கர் என்னும் இரட்டைச் சுருள் பிக்கப், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில், கிப்சன் நிறுவனத்தின் தொழிற்சாலையில் 1955இல் உருவானது. அதை உருவாக்கியவர்கள் தொனியை நாடவில்லை. ஒரு மின் தொல்லையை ஒழிப்பதே அவர்களது நோக்கமாக இருந்தது. தொனிக்காக அது போற்றப்பட்டதும், பின்னர் அதே தொனியைத் தேடி அது கழற்றப்பட்டு வேறொன்று பொருத்தப்பட்டதும், அத்தேடலைச் சுற்றி ஒரு வணிகம் எழுந்ததும் சுமார் 20 ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தன. அந்த வணிகத்தின் வேரைத் தேடிச் சென்றால், கலமசூவில் ஒரே பெயரில் செய்யப்பட்ட உறுப்புகள் ஒன்றுபோல் ஒன்று அமையாமல் போனதில்தான் அது முடிகிறது.

பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் கருவி. காந்தமொன்றின் மேல், அல்லது காந்தத்தோடு தொட்டிருக்கும் இரும்பு முனைகளைச் சுற்றி, மயிரிழை போன்ற செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். காந்தப் புலத்துக்குள் எஃகுத் தந்தி அதிரும்போது புலம் அசைந்து, சுருளில் மிகச் சிறிய மின்னோட்டத்தைத் தூண்டும். அதை ஆம்ப்ளிஃபயர் பெருக்கி ஒலியாக்கும். ஆனால் அந்தச் சுருளுக்குத் தந்தி எது, அறையின் மின்விளக்கு எது என்று பிரித்தறியத் தெரியாது. அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சிகளாக அலைவதால், அருகிலுள்ள மின்மாற்றிகளும் விளக்குகளும் எழுப்பும் காந்த அலைவுகளையும் சுருள் வாங்கிக்கொண்டு இடைவிடாத ரீங்காரமாக வெளியிட்டது. 1946 முதல் கிப்சன் பயன்படுத்திய பி-90 என்னும் ஒற்றைச் சுருள் பிக்கப் இசைக்கு இனிமையானதாக இருந்தும் இக்குறையிலிருந்து தப்பவில்லை.

கலமசூவிலேயே 1910இல் பிறந்து, கடற்படையில் மின்னணுவியல் பணி செய்து, 1952 முதல் கிப்சனில் நிலையாகப் பணியாற்றிய சேத் லவரிடம், நிறுவனத் தலைவர் டெட் மெக்கார்ட்டி இச்சிக்கலை ஒப்படைத்தார். லவர் கண்ட தீர்வு எளிமையானது: இரண்டு சுருள்களை அருகருகே வைத்து, ஒன்றின் காந்த முனையை மற்றதற்கு எதிர்த்திசையில் அமைத்து, மின் இணைப்பையும் எதிர்த்திசையில் செய்துவிட்டால், வெளியிலிருந்து வரும் ரீங்காரம் இரு சுருள்களிலும் எதிரெதிராக எழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், காந்தப் புலத்தை நம்பியுள்ள தந்தியின் சமிக்ஞையோ இரண்டு முறை திரும்பியதால் ஒன்றோடொன்று கூடும். ரீங்காரத்தை அடக்கும் சுருள் என்ற கருத்து மின்னியலில் முன்பே இருந்ததுதான். அதே ஆண்டுகளில் ரே பட்ஸ் என்பவர் கிரெட்ச் நிறுவனத்துக்காக வேறொரு வடிவில் இதையே செய்துகொண்டிருந்தார். லவரின் முதல் வடிவில் ஒவ்வொரு தந்திக்கும் உயரம் மாற்றக்கூடிய திருகாணிகள் இல்லை. விற்பனைப் பிரிவினர் விரும்பியதால் அவை ஒரு சுருளில் சேர்க்கப்பட்டன. அந்தத் திருகாணிகள் இரு சுருள்களின் இயல்பையும் சற்றே வேறுபடுத்தின என்பதால், விற்பனைக்காகச் செய்த அந்தச் சிறு மாற்றமும் தொனியில் ஒரு பங்கு வகித்தது.

1955 ஜூன் 22 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டு, 1959 ஜூலை 28 அன்று அது வழங்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பிக்கப்பின் அடித்தட்டில் காப்புரிமை கோரப்பட்டுள்ளது என்று அறிவிக்கும் ஒரு சிறு கறுப்புச் சீட்டு ஒட்டப்பட்டது. அச்சீட்டிலிருந்த ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளான பி.ஏ.எஃப். என்பதே அந்தப் பிக்கப்புகளின் பெயராக நிலைத்துவிட்டது. காப்புரிமை கிடைத்த பிறகும் 1962 வரை பழைய சீட்டே ஒட்டப்பட்டது. அதன் பின் வந்த சீட்டில் 2,737,842 என்ற எண் இருந்தது, அதுவோ லெஸ் பால் என்னும் கலைஞர் தந்திகளைத் தாங்கும் வால்பகுதிக்காகப் பெற்ற வேறொரு காப்புரிமையின் எண்.

பி.ஏ.எஃப். சீட்டு ஒட்டப்பட்ட ஆண்டுகளில் செய்யப்பட்ட பிக்கப்புகளை ஒரே பொருளாகக் கருதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. சுருள் சுற்றப் பயன்பட்ட கம்பி 42 என்னும் தரமுடையது, ஏறத்தாழ 0.063 மில்லிமீட்டர் தடிமனானது, எனாமல் பூசியது. ஒவ்வொரு பாபினிலும், அதாவது கம்பி சுற்றப்படும் பிளாஸ்டிக் கட்டையிலும், சுமார் 5,000 சுற்றுகள் இருக்க வேண்டுமென்பது திட்டம். ஆனால் லீசோனா முதலிய சுற்றும் இயந்திரங்கள் குறித்த எண்ணிக்கையில் தாமாக நிற்கும்படி அப்போது அமைக்கப்பட்டிருக்கவில்லை. பாபின் நிறைந்துவிட்டது என்று தோன்றும்போது இயந்திரத்தை நிறுத்துவது தொழிலாளியின் கண்ணையும் அனுபவத்தையும் பொறுத்தது. ஆகவே சில பிக்கப்புகளின் மின்தடை 7 கிலோ ஓம் அளவிலும் சிலவற்றினுடையது 9 கிலோ ஓம் அளவிலும் அமைந்தன. அலுமினியமும் நிக்கலும் கோபால்ட்டும் கலந்த அல்நிக்கோ காந்தங்களிலும் 2, 3, 4, 5 எனத் தரங்கள் பல உண்டு. கிடங்கில் எது இருந்ததோ அது இடப்பட்டது. பாபின்களும் கறுப்புப் பிளாஸ்டிக் தட்டுப்பட்டபோது வெளிர்மஞ்சளில் வார்க்கப்பட்டன.

இவ்வேறுபாடுகள் கணக்கில் கொள்ளத்தக்கவை. சுற்றுகள் கூடினால் சமிக்ஞை வலுப்பெறும். ஆனால் சுருளின் மின்தூண்டல் ஏறி, அதன் ஒத்ததிர்வு உச்சம் கீழிறங்கி, மேல்ஸ்தாயி ஒலிகள் மங்கும். ஒரே பிக்கப்பின் இரு சுருள்களில் சுற்றுகள் சமமாக இல்லாவிட்டால் ரீங்காரம் முழுதும் அழியாது. எனினும் இரண்டும் ஒன்றையொன்று மறைக்காததால் ஒலியில் ஒரு கூர்மை தங்கும். பொறியியல் நோக்கில் இது பிழை. செவியின் நோக்கில் அதுவே அழகாகக் கொள்ளப்பட்டது. 1958 முதல் 1960 வரை செய்யப்பட்ட கிப்சனின் சுமார் 1,500 லெஸ் பால் ஸ்டாண்டர்டு கிட்டார்கள் விற்பனையில் தோல்வியுற்று நிறுத்தப்பட்டன என்பதையும், அவற்றில் மிகச் சிறந்தவை எனப் பின்னர் புகழப்பட்டவை இத்தகைய தற்செயலான சுருள்களைத் தாங்கியவை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1966இல் ஜான் மேயலின் குழுவோடு எரிக் கிளாப்டன் பதிவுசெய்த இசைத்தட்டு நிலைமையை மாற்றியது. மார்ஷல் ஆம்ப்ளிஃபயரை உச்ச ஒலியில் வைத்து அவர் வாசித்த பழைய லெஸ் பாலின் அடர்ந்து நீளும் ஒலியைக் கேட்ட இளைஞர்கள், கைவிடப்பட்ட அந்தக் கிட்டாரைத் தேடி அலைந்தனர். அவருடைய கிட்டாரின் பிக்கப்புகள் உலோக உறை நீக்கப்பட்டுப் பாபின்கள் வெளித்தெரிய இருந்தமையால், உறையைக் கழற்றினால் ஒலி கூர்மையாகும் என்ற நம்பிக்கையும் பரவியது. உறையில் எழும் சுழல் மின்னோட்டங்கள் மேல் ஒலிகளைச் சிறிதளவே குறைப்பதால், அந்நம்பிக்கையில் ஓரளவே உண்மை உண்டு. பிக்கப்பைத் திறந்து பார்க்கும் துணிவை அது கலைஞர்களுக்குத் தந்தது என்பதே பெரிய விளைவு.

இதற்கிடையே கிப்சன் தன் பழைய முறையை விட்டு விலகியிருந்தது. 1960களின் தொடக்கத்தில் காந்தங்கள் குட்டையாயின. நடுவில் எனாமல் கம்பிக்குப் பதில் பாலியூரித்தேன் பூசிய கம்பி வந்தது. சுற்றும் எண்ணிக்கை இயந்திரத்தால் கட்டுப்படுத்தப்பட்டுச் சீரானது. உற்பத்தித் தரம் உயர்ந்துகொண்டே போன அதே வேளையில், கலைஞர்கள் விரும்பிய ஒலி குறைந்துகொண்டே போனது. 1968இல் லெஸ் பால் கிட்டார் மீண்டும் வந்தபோது பொன்னிற வகையில் பி-90 பிக்கப்புகளே இருந்தன. 1969இல் வந்த டீலக்ஸ் வகையில், பி-90 துவாரத்திலேயே அடங்கும் சிறு ஹம்பக்கர்கள் வைக்கப்பட்டன. முழு அளவு ஹம்பக்கரை வேண்டிய பலர், டீலக்ஸின் மரத்தைக் குடைந்து துவாரத்தைப் பெரிதாக்கி, எங்கிருந்தோ கிடைத்த பழைய பிக்கப்பைப் பொருத்தினர். மாற்றுப் பிக்கப் என்ற வணிகம் பிறக்கும் முன்பே மாற்றும் வழக்கம் இவ்வாறு பழுதுபார்ப்போரின் மேசைகளில் தொடங்கிவிட்டது. ஹம்பக்கர் அதற்கு இசைவானதாகவும் இருந்தது: சட்டத்தில் சில திருகாணிகள், சால்டரிங் செய்த ஓரிரு இணைப்புகள், எல்லாவற்றிலும் ஒரே அளவு.

நியூயார்க்கில் கிட்டார்களைப் பழுதுபார்த்துவந்த லாரி டிமார்சியோ, 1972இல் வெளியிட்ட சூப்பர் டிஸ்டார்ஷன் என்னும் பிக்கப், கிட்டார்காரர் தாமே வாங்கிப் பொருத்திக்கொள்வதற்கென்று விற்கப்பட்ட முதல் ஹம்பக்கராகப் பொதுவாகக் கருதப்படுகிறது. அவர் பழையதைப் போலச் செய்ய முயலவில்லை. அல்நிக்கோவைவிட வலிய செராமிக் காந்தத்தை வைத்து, சுற்றுகளைப் பெரிதும் கூட்டி, மின்தடை 13 கிலோ ஓமைத் தாண்டும்படி செய்தார். அன்றைய ஆம்ப்ளிஃபயர்களின் முதல் வால்வை மிகை நிலைக்குத் தள்ளி ஒலியைக் கரடுமுரடாக்குவதே இலக்கு. கிஸ் குழுவின் ஏஸ் ஃப்ரேலியும், ஜாஸ் மரபிலிருந்து வந்த அல் டி மியோலாவும் அதைக் கையாண்டனர். பி.சி. ரிச், டீன் ஆகிய நிறுவனங்கள் தங்கள் புதிய கிட்டார்களிலேயே டிமார்சியோ பிக்கப்புகளைப் பொருத்தி விற்றன என்பது, மாற்று உறுப்பாகத் தோன்றிய ஒன்று சில ஆண்டுகளிலேயே மூல உறுப்பின் இடத்தைப் பிடித்ததைக் காட்டுகிறது. உறை நீங்கிய பழைய பிக்கப்புகளில் மக்கள் கண்டு மயங்கிய இரட்டை வெளிர்மஞ்சள் பாபின்களைத் தன் வணிக அடையாளமாகவே டிமார்சியோ பதிவுசெய்துகொண்டார். தட்டுப்பாட்டால் பிறந்த நிறம் சட்டத்தால் காக்கப்படும் சொத்தாயிற்று.

மற்றொரு வழியைத் தேர்ந்தவர் சீமோர் டங்கன். 1970களின் முற்பகுதியில் லண்டனில் பணியாற்றியபோது, பழுதான 2 பழைய ஹம்பக்கர்களை மறுபடி சுற்றி, டெலிகாஸ்டர் கிட்டாரொன்றில் பொருத்தி ஜெஃப் பெக்குக்கு அளித்தார். பெக் 1975இல் வெளியிட்ட ப்ளோ பை ப்ளோ தொகுப்பில் அதன் ஒலி இடம்பெற்றது. அமெரிக்கா திரும்பிய டங்கன், கேத்தி கார்ட்டர் டங்கனுடன் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் நிறுவனம் தொடங்கினார். பழைய பிக்கப்பைப் பிரித்து, காந்தத்தின் தரத்தையும் கம்பியின் பூச்சையும் சுற்றின் போக்கையும் குறித்துக்கொண்டு, அவ்வறிவிலிருந்து புதியதைச் செய்வது அவரது வழி. இன்று இத்தொழிலில் மதிக்கப்படும் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவையே.

எட்டி வான் ஹேலன் கடைக்காரரையும் நிறுவனத்தையும் எதிர்பார்க்காமல், கிப்சன் இ.எஸ்.-335 கிட்டாரிலிருந்து எடுத்த ஹம்பக்கரை ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவ உடலில் பிரிட்ஜுக்கு அருகே வைத்தார். தந்திகளின் இடைவெளி இரு கிட்டார்களிலும் வேறுபட்டதால் அதைச் சற்றுச் சாய்த்தார். உயர்ந்த ஒலியில் சுருளின் தளர்ந்த சுற்றுகள் தாமே அதிர்ந்து கீச்சிடுவதைத் தடுக்க உருகிய பாரஃபின் மெழுகில் அமிழ்த்தினார். 1978இல் அவரது குழுவின் முதல் தொகுப்பு வெளியானபின், ஒற்றைச் சுருள் கிட்டாரில் ஒரே ஒரு ஹம்பக்கர் என்னும் அமைப்பு பல நிறுவனங்களின் அட்டவணையில் ஏறியது.

இவ்வளவு வளர்ச்சிக்கும் நடுவே ஒரு தவறான அளவுகோல் ஊன்றிவிட்டது வருந்தத்தக்கது. மின்தடையை அளப்பது எளிதென்பதால் விளம்பரங்கள் அதையே வலிமையின் எண்ணாக முன்வைத்தன. ஆனால் மெல்லிய கம்பியைச் சுற்றினால் சுற்றுகள் குறைவாக இருந்தும் மின்தடை ஏறும். காந்தம், மின்தூண்டல், கேபிளின் மின்தேக்குத் திறன், ஒலியளவுக் குமிழின் 500 கிலோ ஓம் மதிப்பு, தந்திக்கும் பிக்கப்புக்கும் இடையிலான தூரம் ஆகியவை கூடித்தான் தொனி பிறக்கிறது. பல நேரங்களில் புதிய பிக்கப் தரும் மாற்றத்தை, பழைய பிக்கப்பை ஓரிரு மில்லிமீட்டர் இறக்கியே பெறலாம் என்பதையும் இத்தொழிலின் நேர்மையான பணியாளர்கள் மறைத்ததில்லை.

கிப்சனும் தன் கடந்த காலத்தைத் தானே பிரதியெடுக்கத் தொடங்கியது. 1980ஐ ஒட்டி டிம் ஷா அங்கு பழைய ஹம்பக்கரை மீட்டுருவாக்கினார். எனினும் செலவைக் கருதிப் பாலியூரித்தேன் கம்பியையே அவர் ஏற்க வேண்டியிருந்தது. 1984இல் கலமசூ தொழிற்சாலை மூடப்பட்டு உற்பத்தி நாஷ்வில்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கிருந்த பழைய லீசோனா இயந்திரம் டங்கனின் கைக்கு வந்தது. 1967இலேயே ஃபெண்டர் நிறுவனத்துக்குச் சென்றிருந்த லவரும், 1994இல் தம் பெயரையே தாங்கிய ஒரு பிக்கப்பை டங்கனோடு சேர்ந்து செய்தார். எனாமல் கம்பி, அல்நிக்கோ 2 காந்தம், நிக்கல் சில்வர் உறை, அந்நாளைய பிளாஸ்டிக் ஆகிய யாவும் அதில் மீண்டன. கீச்சிடும் இயல்பை நீக்க வான் ஹேலன் கையாண்ட மெழுகு, தொனியின் உயிர்ப்பைக் குறைத்துவிடக்கூடாது என்பதற்காக, அதில் இடப்படாமலேயே விடப்பட்டது.